ஐந்து நாள் வெயில்

திங்கட்கிழமை, மத்தியானம்

என் வாயாடி மகளுக்கு,

அம்மாவின் ஆயிரம் முத்தம். அதில் தொள்ளாயிரம் என் பேத்தி குண்டுமணிக்கு, மீதி உனக்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டது. அந்த வலியைப் பற்றிப் பேசுவதை மட்டும் அவர் விடவில்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீங்கள் போனைச் சாப்பாட்டு மேசைமேல் சாய்த்து நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிவைத்து, வீடே கூடி நின்று கேட்கிறீர்கள். அதில் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’வுக்கு மேல் ஒருத்தி என்ன பேச முடியும்? அதுதான் சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலை சாம்பிள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை.

நேற்று நீ குழந்தையின் அறையைப் போனிலேயே சுற்றிக் காட்டினாய். அலமாரி, தொட்டில், ஒரு சுவர் முழுக்கப் பலகை, எல்லாம் மாப்பிள்ளை தன் கையால் செய்தது என்றாய். கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. கரண்ட் ஒயர் இழுக்கிற மனிதருக்குத் தச்சர் இழைப்புளியும் இத்தனை வசப்படும் என்று நான் நினைக்கவே இல்லை. அத்தனையும் எங்கள் தொழிற்சாலைப் பலகை. ஒவ்வொரு ஓரத்திலும் அந்த வட்ட ஸ்டிக்கரை, திறந்த ஜன்னல் படம் போட்டதை, உரிக்காமலே விட்டிருக்கிறார். நீ பேச்சோடு பேச்சாக, குண்டுமணிக்கு ஒரு வாரமாகக் கண்ணில் நீர் வடிகிறது, விடியற்காலையில் இருமுகிறாள், டாக்டர் சளி என்று சொல்லிவிட்டார் என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

சில விஷயம் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றா இரண்டா? ரோட்டுப் புழுதிக்குப் பயந்து மூடியே வைத்திருப்பதாகச் சொன்னாயே, இன்னும் அப்படித்தானா? அலமாரிக் கதவைத் திறந்தால் காரமாக மூக்கில் ஏறி, கண்ணைக் கரிக்கிறதா? பலகையை அறுத்த ஓரங்களை மூடிப் பட்டை ஒட்டியிருக்கிறாரா, அப்படியே விட்டுவிட்டாரா? மத்தியான வெயில் அந்தச் சுவரில் அடிக்குமா? குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போனால் இருமல் நிற்கிறதா? நின்றால் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது?

போன வாரம் வேலையில் ஒரு கூத்து. அந்த ஜன்னல் முத்திரை கொடுக்கிற நிறுவனத்திலிருந்து சோதனைக்காரர் ஒருவர் வந்தார். புதிதாகப் போடுகிற தரைப் பலகைக்கும் முத்திரை வாங்கலாம் என்று மேனேஜருக்கு ஆசை. உனக்குத்தான் தெரியுமே, எங்கள் பலகை மரத்தூளும் பசையும் சேர்த்து அழுத்தினது. அந்தப் பசை பிறகும் பல மாதம் காரமான ஒரு ஆவியை மூச்சு மாதிரி விட்டுக்கொண்டே இருக்கும். அது வீட்டுக்குள் எவ்வளவு கலக்கிறது என்று ஒரு இரும்புப் பெட்டிக்குள் துண்டை வைத்து அளப்பார்கள். அளவுக்குக் கீழே இருந்தால் முத்திரை. இதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலமாரிப் பலகைக்கு நாங்களாக விரும்பிக் கேட்டு வாங்கினோம். போன தடவை மாப்பிள்ளை வந்தபோது நான் இதைச் சொல்லிப் பெருமையடித்தது உனக்கு நினைவிருக்கும். ‘அங்கேயும் கிடைக்கும், நம்ம பலகையையே வாங்குங்க’ என்று சொன்னதும் நான்தான்.

முன்பு சாம்பிளை நாங்களே எடுத்து அனுப்பினோம். இந்தத் தடவை அவரே வந்து மெஷின் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்றார். பலகை ஆறியதும் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு துண்டை அறுத்தார், அந்த நிமிஷமே அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினார். என் வாய் சும்மா இருக்குமா? “ஏன் சார் இவ்வளவு அவசரம், பலகை என்ன ஓடியா போயிடும்?” என்று கேட்டேன். “பலகை ஓடாதும்மா, உள்ளே இருக்கிறதுதான் ஓடிடும். நாலு நாள் காத்துல கிடந்தா நிறைய பறந்துடும். அப்புறம் நான் எதைப் போய் அளக்கிறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது கிடக்கட்டும். ஜன்னலைத் திறந்து வை. புழுதி வந்தால் துடைத்துக்கொள்ளலாம், குறைந்தா போய்விடுவோம்? முடிந்தால் குழந்தையை ஹாலில் படுக்கவை. காரணம் கேட்காதே. அம்மா சொன்னால் ஏதாவது இருக்கும்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா

பின்குறிப்பு: ஜன்னல், மறக்காதே.


அடுத்த வாரம் புதன்கிழமை, காலை

என் வாயாடிக்கு,

தபால் தாமதமாகும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து படி. படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எழுந்து போய்க் குழந்தையை அந்த அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வா. அவள் துணிமணியையும் அந்த அலமாரியிலிருந்து எடுத்துவிடு. நான் காத்திருக்கிறேன், போய்விட்டு வா.

எடுத்துவிட்டாயா? இனி படி.

என் கடிதம் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நீ என்ன சொன்னாய்? “உனக்கு வரவர கிறுக்குப் புடிச்சுப் போச்சும்மா. அதான் லேபிள் இருக்குல்ல? நீதானே உன் கையால சாம்பிள் அனுப்பின?” என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை, “என்ன அத்தை, உங்க கம்பெனி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் குழந்தை இருமியது எனக்குக் கேட்டது. வீடே கேட்கிறபோது போனில் எப்படிச் சொல்வது? பாலில் சர்க்கரை போட்டியா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்குக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நேற்று சாப்பிட உட்கார்ந்த அப்பா தட்டை நகர்த்திவைத்தார். “மூணு நாளா உப்பில்லாமத் தின்னாச்சு. வைத்தியம்னு நினைச்சுப் பேசாம இருந்தேன். இன்னைக்காவது என்னன்னு சொல்லு” என்றார். அவரிடம் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அந்த முத்திரைக்கு முதல் சாம்பிள் அனுப்பச் சொன்னபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ‘பலகை எடுத்த நேரம்’ என்று ஒரு கட்டம், ‘சுற்றிய நேரம்’ என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. நான் ஒழுங்காகத்தான் செய்தேன். எடுத்தேன், சுற்றினேன், எழுதினேன். ஆனால் அன்றைக்கென்று கூரியர் வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தாள் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறதே, மாற்றிச் சுற்றலாம் என்று பிரித்தேன். பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீ, பெரிய இடத்துக்குப் போகிற பொருளை இந்த நாற்றத்தோடா அனுப்புவது என்று தோன்றியது.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. தலையணையிலிருந்து உன் பள்ளிக்கூடப் பை வரை எல்லாவற்றையும் வெயிலில் போட்டு எடுத்தால்தான் எனக்கு மனசு ஆறும். சுத்தம் சோறு போடும் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தவள். அந்தப் பலகைத் துண்டை ஈரத்துணியால் துடைத்து, குடோன் மாடியில் வெயிலில் வைத்தேன். காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் திருப்பிப் போட்டேன். ஐந்து நாள். ஆறாவது நாள் மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் இல்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்! புதுத் தாளில் அழகாகச் சுற்றி அனுப்பினேன்.

இதுவரை அது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் சொல்வதுதான் குற்றம். புதுத் தாளுக்குப் புதுப் படிவம் எழுத வேண்டியிருந்தது. உண்மையை எழுதினால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும், படிவம் திரும்பி வரும், மேனேஜர் சத்தம் போடுவார். அதனால் பழைய படிவத்தில் இருந்த நேரத்தையே பார்த்து எழுதிவிட்டேன். ‘எடுத்தது பத்து மணி, சுற்றியது பத்தரை.’ ஒரு கட்டம்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முத்திரை வந்தது. எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள், எனக்குக் கைதட்டினார்கள். ஆர்டர் பெருகி இரண்டாவது மெஷின் வந்தது, நாற்பது பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உண்மையில் அந்த இரும்புப் பெட்டிக்குள் போனது எங்கள் பலகையே இல்லை, வெயிலில் காய்ந்து மூச்சடங்கின பலகை. கடைக்குப் போனதும், உன் வீட்டுக்கு வந்ததும் வேறு. நாற்றம் வேறு, அவர்கள் அளப்பது வேறு என்றே நினைத்திருந்தேன், இரண்டு வருஷமாக எனக்கு இது தெரியாது. அந்தச் சோதனைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அவர் சொன்ன பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சில நாளில் நீ இருமலைப் பற்றிச் சொன்னாய். அப்போதும் உனக்கு உண்மையை எழுதாமல் ஜன்னல் எத்தனை, பட்டை ஒட்டினாரா என்று சுற்றி வளைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதனால் குழந்தை இன்னும் ஒன்பது நாள் அந்த அறையில் தூங்கினாள். அந்த ஒன்பது நாளும் என் கணக்கில்தான்.

பலகை கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்லதாகவே இருக்கலாம். குழந்தைக்கு வெறும் சளியாகவே இருக்கலாம், நான் கும்பிடாத தெய்வம் இல்லை. ஆனால் யாரும் சரியாக அளக்கவில்லை என்பது மட்டும் உண்மை. டாக்டரிடம் திரும்பப் போய், புது அறை, புதுப் பலகை, மூடின ஜன்னல் எல்லாவற்றையும் சொல். ஜன்னலைப் பகல் முழுக்கத் திறந்துவை. வாசனை போகட்டும் என்று மாப்பிள்ளை பலகைமேல் எதையாவது பூசப் போகிறார், வேண்டாம் என்று சொல். அவர் ஆசையாகச் செய்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, என் வாயை நம்பினதைத் தவிர.

நாளைக்குக் காலையில் மேனேஜரிடம் சொல்லப்போகிறேன். பயமாக இருக்கிறது. அந்த நாற்பது பேர் முகத்திலும் முழிக்க வேண்டுமே. அப்பா கேட் வரை கூட வருகிறேன் என்கிறார்.

என்னைத் திட்டு. ஆனால் முதலில் குழந்தையைத் தூக்கு.

உன் அம்மா


வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

என் மகளுக்கு,

வாயாடி என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பிப் பதினாறு நாளாகிறது, உன் குரலே இல்லை. போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். “குழந்தை நல்லா இருக்கா அத்தை” என்கிறார். நீ எங்கே என்றால் குளிக்கிறாய் என்கிறார். நீ இவ்வளவு குளித்து நான் பார்த்ததே இல்லை. அவர் மரியாதைக்காகச் சொல்கிறாரா, உண்மையாகவே நன்றாக இருக்கிறாளா என்று தெரியாமல் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வேறு யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தண்ணீர் கொடுத்தார். “இது என்ன சட்டமாம்மா? நாமளா ஆசைப்பட்டு ஒட்டினது. பேசாம இருங்க, கொஞ்ச நாள்ல நாமளா சத்தமில்லாம எடுத்துடலாம்” என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “சட்டம் போட்டு ஒட்டச் சொல்லியிருந்தா பயத்துல ஒட்டினோம்னு சொல்லிக்கலாம் சார். யாரும் கேட்காம நாமளா கொடுத்த வாக்கு சார் இது. அதான் எனக்கு நெஞ்சு கூசுது” என்றேன். யோசிக்கிறேன் என்றார். நான்கு நாள் பார்த்தேன், அவர் யோசித்து முடிக்கவில்லை. அந்தச் சோதனைக்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டையில் இருந்த விலாசத்துக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

போன திங்கட்கிழமை அவர் வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை, திட்டும் இல்லை. மெஷினிலிருந்து வந்த அலமாரிப் பலகையில் துண்டு அறுத்துச் சுற்றினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். படிவத்தில் எடுத்த நேரம், சுற்றிய நேரம் எழுதிவிட்டு, சாட்சிக் கையெழுத்து என்னையே போடச் சொன்னார். கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போட்டேன். இருபத்தெட்டு நாள் பெட்டிக்குள் இருக்குமாம். அதுவரை ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது, கடைகளுக்கும் சொல்லியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னை முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வரும்போது ஸ்டிக்கர் ஒட்டுகிற மேசையில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவள், பத்து வருஷமாக என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உன் பேத்தி இருமினதாலதானே உனக்கு வாய் வந்துச்சு? இந்த ரெண்டு வருஷத்துல யார் யார் பேத்தி இருமிச்சோ?” என்றாள். நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அப்பாவே சமைத்தார். உப்பு அதிகம், நான் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் எனக்கு வெயிலில் போட ஒன்றும் பாக்கி இல்லை. காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பலகை தேறினாலும் தேறாவிட்டாலும் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. தேறினால் வீணாக நாற்பது பேர் வயிற்றில் அடித்தேன். தேறாவிட்டால் அதை நினைக்கவே முடியவில்லை.

என்னோடு பேச வேண்டாம். கோபம் தீரும்போது பேசு, தீராவிட்டால் விடு, அது உன் உரிமை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், தபால் தலை ஒட்டி நம் விலாசம் எழுதின உறையும் இருக்கிறது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன், இருபத்தெட்டு வரிசை. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. குழந்தை எங்கே தூங்கினாள், ஜன்னலைத் திறந்த நேரம், மூடின நேரம், எத்தனை தடவை இருமினாள். கடிதமாக எழுத வேண்டாம், நலமா என்று கேட்க வேண்டாம். கட்டத்தை மட்டும் நிரப்பு.

நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுது. ஒரு நாள் மறந்துபோனால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடு, மறுநாள் உட்கார்ந்து இட்டுக் கட்டாதே. நான்கு தடவை இருமினால் நான்கு என்றே எழுது. அம்மா துடித்துப் போவாளே என்று ஒன்றைக்கூடக் குறைக்காதே. கண்ணே, உனக்குப் புண்ணியமாகப் போகும், இந்த ஒரு தாளை மட்டும் உன் அம்மா எழுதினது போல் எழுதிவிடாதே.

குண்டுமணிக்கு நீண்ட ஆயுசும், நெஞ்சு நிறைய நல்ல காற்றும் கிடைக்கட்டும்.

தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு,
அம்மா